ஆஸ்டா நீல்சன்: மீட்டர் கணக்கில் விற்ற சினிமாவுக்கு ஒரு பெயர் வந்த கதை

1910 வரைக்கும் ஐரோப்பாவில் சினிமாவைத் துணி மாதிரிதான் விற்றார்கள். மீட்டருக்கு இவ்வளவு என்று விலை. ஜெர்மனியில் ஒரு மீட்டர் ஏறத்தாழ ஒரு மார்க். என்ன கதை, யார் நடித்தது, படம் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் விலையில் சேராது. காசு கொடுத்துப் பிரதியை வாங்கியவர் அதைத் தன் கொட்டகையில் ஓட்டலாம், வாடகைக்கு விடலாம், கீறல் விழுந்து தேய்ந்த பிறகு இன்னொருவர் தலையில் கட்டலாம். ஒரே தெருவில் இருக்கும் மூன்று நான்கு கொட்டகைகளில் ஒரே படம் ஓடும். திரையில் வருபவர்களின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பத்து நிமிடப் படம், அது முடிந்ததும் அடுத்தது. பெயரைத் தெரிந்து என்ன செய்வது?

இரண்டு மூன்று வருடங்களில் நிலைமை தலைகீழானது. இன்னும் எடுத்தே முடிக்காத படங்களுக்கு, ஒரு நடிகையின் பெயரை மட்டும் நம்பி, கொட்டகைக்காரர்கள் ஒரு சீசனுக்கு மொத்தமாக ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பெயர் ஆஸ்டா நீல்சன். ஐரோப்பிய சினிமாவின் முதல் பெரும் நட்சத்திரம் என்று அவரைச் சொல்வது வழக்கம். அவரைப் பற்றிய எழுத்துகளில் கண்கள் வரும், ஒரு நடனம் வரும், துக்க முகம் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் நடிப்பையும் அதைச் சுற்றி எழுந்த வியாபாரத்தையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். அந்தப் பெயரும் முகமும் யார் கையில் இருந்தன, எப்போது கைமாறின என்று தொடர்ந்துபோனால் அவர் வாழ்க்கை வேறு மாதிரி தெரிகிறது.

அவர் 1881 செப்டம்பர் 11 அன்று கோபன்ஹேகனின் வெஸ்டர்புரோ பகுதியில் பிறந்தார். அப்பா கொல்லர், பாதி நாள் வேலை இருக்காது. அம்மா துணி வெளுத்துச் சம்பாதித்தார். பிழைப்புத் தேடி குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்வீடனின் மால்மோவுக்குப் போய்ச் சில வருடங்கள் இருந்தது. அப்பாவுக்கு அங்கே மாவு மில்லில் வேலை. பிறகு மறுபடியும் கோபன்ஹேகன். ஆஸ்டாவுக்குப் பதினான்கு வயதானபோது அப்பா இறந்துவிட்டார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பெண், பதினெட்டாவது வயதில் டென்மார்க் அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் இடம்பிடித்தார். 1901இல் திருமணமாகாமலே அவருக்கு ஒரு மகள் பிறந்தாள், பெயர் ஜெஸ்டா. குழந்தையின் தந்தை யார் என்று கடைசி வரை அவர் வாய் திறக்கவில்லை. அம்மாவும் அக்காவும் துணை நிற்க, தானே வளர்த்தார். அந்தக் காலத்துக் கோபன்ஹேகனில் இது லேசான காரியம் கிடையாது.

மேடையில் அவருக்குப் பெரிய வாய்ப்பு எதுவும் வரவில்லை. டாக்மர் அரங்கில் சில காலம், பிறகு நாடகக் குழுக்களோடு நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஊர் ஊராகச் சுற்றல், 1907க்குப் பிறகு கோபன்ஹேகனின் ‘புதிய அரங்கு’. ஒல்லியான உடம்பு, மெல்லிய உதடு, ஆழமான குரல், பெரிய கருப்புக் கண்கள். நாயகி என்றால் பூசினாற்போல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்த மேடைக்கு இது ஒத்துவரவில்லை. அதே அரங்கில் அரங்க அமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஊர்பான் காத். அவருடைய அம்மா எம்மா காத் கோபன்ஹேகன் மேல்தட்டில் எல்லோருக்கும் தெரிந்த நாடகாசிரியை. வண்ணார வேலை பார்த்த தாயின் மகளும் இந்த வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள்: ஒரு சினிமா எடுப்போம், அதைப் பார்த்தாவது நாடகக்காரர்கள் நல்ல வேடம் தருவார்கள்.

அதாவது, மேடைக்குப் போடும் விண்ணப்பமாகத்தான் அந்தப் படம் தொடங்கியது. விண்ணப்பம் போட்ட இடத்திலிருந்து பதில் வரவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் வந்தது.

படத்தின் பெயர் ‘அஃப்குருண்டன்’, பாதாளம் என்று சொல்லலாம். கோஸ்மோராமா என்ற கொட்டகையின் உரிமையாளர் யால்மர் டேவிட்சன் பணம் போட்டார். 1910 செப்டம்பர் 12 அன்று, ஆஸ்டாவின் 29ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், அந்தக் கொட்டகையிலேயே திரையிட்டார்கள். பியானோ சொல்லிக்கொடுக்கும் மக்தா, பாதிரியார் மகன் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டவள். ஒரு சர்க்கஸ்காரனோடு ஓடிப்போகிறாள். அவன் அவளை ஏய்க்கிறான். கடைசியில் அவனைக் குத்திக் கொன்றுவிட்டுப் போலீஸோடு போகிறாள். கதையில் புதிதாக ஒன்றும் இல்லை, அந்தக் காலத்து மெலோடிராமா. ஓடும் நேரம் முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல். அன்றைக்கு அது நீளப் படம்.

அந்த நடனத்தைச் சொல்லாமல் நகர முடியாது. நாடகக் கொட்டகை மேடையில், இறுக்கமான கருப்பு உடையில், கவுச்சோ நடனம், அதாவது தென் அமெரிக்க மாடு மேய்ப்பவர்கள் பாணி ஆட்டம். ஆடிக்கொண்டே அவனைக் கயிற்றால் சுற்றிக் கட்டுகிறாள். அசைய முடியாமல் நிற்பவனை ஒட்டி, உரசி, சுற்றிச் சுற்றி வருகிறாள். பல ஊர்களில் தணிக்கைக்காரர்கள் இந்த இடத்தில் கத்தரி போட்டார்கள். இன்றைக்குப் பார்க்கும்போதும் ஒரு சங்கடம் வரத்தான் செய்கிறது, அதற்குக் காரணம் ஆட்டத்தை விட கேமரா இருக்கும் இடம் என்று தோன்றுகிறது. மேடைக்கு எதிரே, ரசிகர் உட்காரும் பக்கத்தில் கேமரா இல்லை. பக்கவாட்டில், திரைச்சீலை ஓரத்தில் நிற்கிறது. மேடைத் தொழிலாளர்கள் நின்று பார்க்கும் இடத்திலிருந்து நாமும் பார்க்கிறோம். நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியவனுக்குக் கிடைக்காத பார்வை இது.

என்னைக் கேட்டால் நடனத்தை விட அந்தப் படத்தின் கடைசி ஷாட்தான் பெரிது. கொலை நடந்தாகிவிட்டது. அவளைப் படியிறக்கி அழைத்து வருகிறார்கள். மேடை நடிகை யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நெஞ்சில் அறைந்து, கைகளை வானத்துக்குத் தூக்கி, சுவரில் சாய்ந்து ஒரு பாடு அழுதிருப்பார். இவர் ஒன்றும் செய்யவில்லை. முகத்தில் ஒரு அசைவு கிடையாது. தூக்கத்தில் நடப்பவள் போல் வந்து கேமராவைக் கடந்து போகிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பவனே போட்டு நிரப்பிக்கொள்ளவேண்டும். சினிமா நடிப்பு என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ அதன் விதை இங்கே கிடக்கிறது.

இது எப்படி அவருக்குப் பிடிபட்டது? திரையில் தன்னையே பெரிதாகப் பார்த்துத்தான். கடைசி வரிசைக்காரனுக்கும் எட்டவேண்டும் என்று மேடையில் செய்யும் சைகை, திரையில் பத்து மடங்கு பெரிதாகிக் கோமாளித்தனமாகிவிடும். அப்படியானால் எதைப் பெரிதாக்கத் தகும் என்பதை அவர் யோசித்தார். ஒரு இமை, தோளின் சரிவு, ஒரு பொருளைத் தொடும் விரல்.

அப்புறம், அந்தக் காலத்துப் பிலிமும் அவருக்குத் துணை செய்தது. அப்போதைய கருப்பு வெள்ளைப் பிலிம் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் கிட்டத்தட்ட பிடிக்காமலும் பதிவு செய்யும். நீலக் கண்கள் திரையில் வெளிறிப்போய்ப் பளிங்குக் குண்டு மாதிரி தெரியும். கன்னத்துச் சிவப்பு கறுத்துவிடும். அதனால்தான் ஊமைப்பட நடிகர்கள் முகம் முழுக்க வெள்ளை அப்பியிருப்பார்கள். வெள்ளை முகத்தில் இரண்டு பெரிய கருங்கண்கள், நெற்றியில் வெட்டி விட்ட கருங்கூந்தல்: ஆஸ்டாவின் முகம் அந்தப் பிலிமுக்கென்றே செய்தது போல் அமைந்தது. மேடையில் குறையாகப் பார்க்கப்பட்டதெல்லாம் இங்கே முதலாகிவிட்டது. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது கொட்டகையின் மூலையில் இருப்பவனுக்கும் தெரியும். எதைப் பார்க்காமல் தவிர்க்கிறார் என்பதும் தெரியும்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். 1910இல் ஜெர்மன் சினிமாச் சந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. படங்கள் மலிந்து கிடந்தன, கொட்டகைகள் பெருகின, எல்லோரும் எல்லாவற்றையும் ஓட்டினார்கள், டிக்கெட் விலை விழுந்தது. ஒரு படத்தின் மதிப்பு முதல் வாரத்தோடு போய்விடும். இந்த நேரத்தில் டுசெல்டார்ஃபைச் சேர்ந்த லுத்விக் காட்ஷால்க் என்ற வியாபாரி ‘பாதாளம்’ படத்தை வேறு வழியில் விற்றார். பிரதியை விற்பதற்குப் பதில், ஓட்டும் உரிமையைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்றார். ஒரு ஊரில் ஒரு கொட்டகைக்குத்தான் படம். பக்கத்துக் கொட்டகைக்காரன் எவ்வளவு பணம் நீட்டினாலும் கிடைக்காது. ‘மோனோபோல் படம்’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். நம் சினிமாக்காரர்கள் ஏரியா பிரித்து விற்பது என்பார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

இது வெறும் கணக்கு வழக்கு மாற்றமாகத் தெரியலாம். விளைவு பெரிது. உன் ஊரில் உன் கொட்டகையில் மட்டும் ஒரு படம் என்றால் அதற்கு விளம்பரம் செய்யத் தோன்றும். விளம்பரம் என்றால் போஸ்டரில் என்ன போடுவது? கதையைப் போட்டால் சுவாரசியம் போய்விடும். தயாரித்த கம்பெனியின் பெயர் யாருக்கும் வேண்டாம். ஆளின் முகத்தைப் போடலாம், பெயரைப் போடலாம். டிக்கெட் விலையைக் கூட்டலாம், ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டலாம், அடுத்த படம் வரப்போகிறது என்று ஆசை காட்டலாம். நீளப் படம், தனியுரிமை விநியோகம், நட்சத்திரம் என்ற மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே சமயத்தில் வந்தன. வசதியான முகம் என்பதால் மட்டும் அது ஆஸ்டாவின் முகமாக இருக்கவில்லை. முப்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால், பார்க்கப் பார்க்க ஏதாவது புதிதாகக் கிடைக்கிற நடிப்பு வேண்டும். அது அன்றைக்கு மிகச் சிலரிடமே இருந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்து ஜெர்மனி முழுக்க யூனியன் தியேட்டர் என்ற பெயரில் கொட்டகைகளைத் திறந்துகொண்டிருந்த பால் டேவிட்சன் இதைச் சட்டென்று புரிந்துகொண்டார். (கோபன்ஹேகன் டேவிட்சன் வேறு, இவர் வேறு.) ஆஸ்டா நடிக்க, காத் இயக்க, வருடத்துக்கு எட்டுப் படங்கள் என்று 1911இல் ஒப்பந்தம். அவற்றை ‘ஆஸ்டா நீல்சன் வரிசை’ என்று முன்கூட்டியே விற்றார்கள். 1914 வாக்கில் அவருடைய வருடச் சம்பளம் 80,000 மார்க்கைத் தாண்டியது.

டென்மார்க் அவரை ஏன் கைநழுவ விட்டது என்ற கேள்வி வரும். நோர்டிஸ்க் கம்பெனி 1906லிருந்தே அங்கே இருந்தது, பெரிய கம்பெனிதான். ஆனால் அன்றைய டென்மார்க்கில் மொத்த மக்கள்தொகை 30 லட்சம்கூட இல்லை. அங்கே எடுக்கும் படம் வெளிநாட்டில் ஓடினால்தான் காசு. ஜெர்மனியிலோ சந்தை வாசலிலேயே இருந்தது. ஊமைப்படத்துக்கு மொழி தடையில்லை, எழுத்து அட்டைகளை மாற்றினால் போதும். அவர் நடித்த 74 படங்களில் டென்மார்க்கில் எடுத்தவை நான்கே நான்கு.

பெர்லினுக்குப் பக்கத்தில் பாபல்ஸ்பெர்க் என்று ஒரு இடம். இன்று வரை இயங்கும் பெரிய ஸ்டூடியோ. அது தொடங்கியதே இவர் படத்தோடுதான். ஒளிப்பதிவாளர் கீடோ சீபர் அங்கே பழைய செயற்கைப் பூத் தொழிற்சாலை ஒன்றைப் பிடித்து, பக்கத்தில் கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவருமாக ஒரு படப்பிடிப்புக் கூடம் எழுப்ப வைத்தார். வெயில் வேண்டும், காற்றும் மழையும் வேண்டாம், அதற்குத்தான் கண்ணாடி. 1912 பிப்ரவரி 12 அன்று அங்கே எடுக்கத் தொடங்கிய முதல் படம் ‘மரண நடனம்’. நாயகி ஆஸ்டா, இயக்குநர் காத். அதே வருடம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அவரைத் துக்க நாயகி என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வரிசைப் படங்களில் ஒன்றிரண்டைப் பார்த்தாலே அது உடைந்துபோகும். ‘குட்டி தேவதை’ என்ற 1914ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து பணக்கார மாமா வருகிறார். சொத்து கிடைக்கவேண்டுமென்றால் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்று அவர் நம்பவேண்டும். உண்மையில் அவளுக்குப் பதினேழு. நடித்த ஆஸ்டாவுக்கு முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு வயதுக்காரி பதினேழு வயதுக்காரியாக நடித்து, அந்தப் பதினேழு வயதுக்காரி பன்னிரண்டு வயதுக்காரியாக நடிக்கவேண்டும். குட்டைப் பாவாடை கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் சிகரெட் பிடித்து, மாமா வந்ததும் குழந்தையாகி, அவர்மேல் காதலும் வந்து… மூன்று வயதும் ஒரே உடம்பில் மாறி மாறி வந்துபோகும். ‘சபாதாவின் கும்பல்’ படத்தில் கால்சட்டை மாட்டிக் கொள்ளைக்காரனாக வருகிறார். 1913இல் வந்த ‘வாக்குரிமைக்காரி’யில் பெண்கள் வாக்குரிமைப் போராளி, சிறையில் பட்டினி கிடப்பவளுக்குக் குழாய் வைத்துக் கட்டாயமாக உணவூட்டும் காட்சி அதில் இருந்தது, அதை ஜெர்மன் தணிக்கை விடவில்லை. போராளி கடைசியில் கல்யாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு சுபமாக முடிவதை மட்டும் விட்டுவைத்தார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்காது. வெட்டாமல் விட்டதிலிருந்தே அவர்களுக்கு எது உறுத்தியது என்று தெரிகிறது.

முதல் உலகப் போரில் அவர் படத்தை இரு தரப்புச் சிப்பாய்களும் பதுங்கு குழிகளில் ஒட்டி வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். போருக்கு நடுவே டேவிட்சனோடு இருந்த ஏற்பாடும் காத்தோடு இருந்த இல்வாழ்க்கையும் முடிந்தன. டென்மார்க் திரும்பி, அங்கே ஒரு படம் நடித்தார். 1917 கடைசியில் டேவிட்சனின் கம்பெனியே உஃபா என்ற மாபெரும் கூட்டு நிறுவனத்துக்குள் போய்விட்டது. முன்பு ஒரு நடிகையும் அவருடைய இயக்குநரும் ஒரு கொட்டகை முதலாளியும் உட்கார்ந்து முடிவு செய்த விஷயங்களை இனிமேல் பெரிய அலுவலகங்கள் முடிவு செய்யும்.

அதற்கு ஆஸ்டா சொன்ன பதில், சொந்தக் கம்பெனி. 1920இல் பெர்லினில் ‘ஆர்ட் ஃபிலிம்’ என்று தொடங்கினார். முதல் படமே ஹாம்லெட், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் டென்மார்க் இளவரசனின் கதை. அதுவும் ஹாம்லெட்டாக அவரே.

பெண்கள் ஹாம்லெட் வேடம் போடுவது அப்போது புதிதில்லை. பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் அதற்கு இருபது வருடம் முன்பே மேடையில் போட்டிருந்தார். ஆனால் பெர்னார்ட் நடித்தது ஆணாக. ஆஸ்டாவின் ஹாம்லெட் ஒரு பெண். எட்வர்ட் வைனிங் என்ற அமெரிக்கர் 1881இல் ஒரு விசித்திர வாதத்தை வெளியிட்டிருந்தார்: ஹாம்லெட்டின் தயக்கம், அழுகை, காதலி ஒஃபீலியாவிடம் காட்டும் வெறுப்பு எல்லாவற்றுக்கும் காரணம் அவன் ஆணாக வளர்க்கப்பட்ட பெண் என்பதே. அறிஞர்கள் சிரித்துவிட்டுப் போன வாதம். (ஆஸ்டா பிறந்த வருடமும் அதுவேதான்.) படம் அதைப் பிடித்துக்கொண்டது. ராஜா போரில் இறந்துவிட்டார் என்று தவறான செய்தி வருகிறது. அரியணை கைவிட்டுப் போகக் கூடாதே என்று ராணி தனக்குப் பிறந்த பெண் குழந்தையை ஆண் என்று அறிவித்துவிடுகிறாள். ராஜா உயிரோடு திரும்பி வருகிறார், சொன்ன பொய்யை மாற்ற முடியவில்லை. அந்தக் குழந்தை இளவரசனாக வளர்ந்து, விட்டன்பெர்க்கில் படிக்கப் போய், நண்பன் ஹொரேஷியோமேல் காதல் கொள்கிறது. சொல்ல முடியாத காதல். ஹொரேஷியோவுக்கோ ஒஃபீலியாமேல் ஆசை. அப்பாவின் ஆவி கிடையாது, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பழிவாங்குவதில் தயங்கும் இளவரசன் என்ற பழைய புதிர் போய், ஒவ்வொரு நிமிடமும் தன் உடம்பை மறைத்தாகவேண்டிய ஒருத்தியின் அவஸ்தை வந்துவிடுகிறது. கடைசியில் இறந்து கிடக்கும் நண்பனின் மார்பில் கை வைக்கும்போதுதான் ஹொரேஷியோவுக்கு விஷயம் தெரிகிறது.

இந்தப் படத்தில் அவருக்கு வயது முப்பத்தொன்பது. மெலிந்த கால்கள், கருப்பு உடை, மேலங்கி, தரையில் பூனை போல் ஊர்ந்துபோய், அப்பாவைக் கொன்ற சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கும் இடம். சிரிக்கும்போது அது ஆண்பிள்ளைச் சிரிப்பா, பெண்ணின் சிரிப்பா என்று பிரிக்க முடியாது. அவருடைய உச்சம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். தயாரிப்பாளரும் அவரே என்பதற்கு இதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். வெகு காலம் இதன் மங்கலான கருப்பு வெள்ளைப் பிரதிகள்தான் கிடைத்தன. 2005இல் வண்ணச் சாயமிட்ட பழைய பிரதி ஒன்று ஜெர்மனியில் கண்டெடுக்கப்பட்டு, சீராக்கி, 2007 பெர்லின் விழாவில் காட்டினார்கள்.

சொந்தக் கம்பெனி நீடிக்கவில்லை. அதன் பிறகு அவர் மற்றவர்கள் படங்களில் நடித்தார். ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் மிஸ் ஜூலி, இப்சனின் ஹெட்டா கேப்ளர், வெடெகிண்டின் லூலு என்று பெரிய நாடகப் பாத்திரங்கள் வந்தன. பேலா பலாஷ் போன்ற விமர்சகர்கள் அவருக்கு இணையே கிடையாது என்று எழுதினார்கள். சுலபமாக மறக்க முடியாதவை என்று எனக்குப் படுபவை வேறு இரண்டு. 1927இல் வந்த ‘விலைமகளின் துயரம்’ படத்தில் வயதேறிக்கொண்டிருக்கும் தெருப்பெண். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு மாணவனைத் தன் அறையில் தங்க வைக்கிறாள், புது வாழ்க்கை கிடைத்துவிட்டதாக நம்புகிறாள், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தைச் சரிசெய்கிறாள். நாற்பத்தைந்து வயது நடிகை தன் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் கேமராவுக்குக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கிறார்.

இன்னொன்று 1925இல் பாப்ஸ்ட் இயக்கிய ‘மகிழ்ச்சியற்ற தெரு’. பணவீக்கத்தில் வியன்னா நொடிந்து கிடக்கிறது, கறிக்கடை வாசலில் பெண்கள் விடிய விடிய வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு பெண்களின் கதை. ஒருத்தி ஏழை வீட்டு மரியா, விழுந்துவிடுகிறாள், அவள் ஆஸ்டா. இன்னொருத்தி நொடித்துப்போன அதிகாரி வீட்டு மகள், தப்பிவிடுகிறாள். அந்த வேடத்தில் பத்தொன்பது வயது ஸ்வீடன் பெண் ஒருத்தி, கிரேட்டா கார்போ. படம் முடிந்த கையோடு கார்போ ஹாலிவுட்டுக்குப் போய் நட்சத்திரமாகிவிட்டார். அதன் பின் அமெரிக்காவில் இந்தப் படத்தைக் காட்டியபோது அதைக் கார்போ படமாக்கவேண்டியிருந்தது. ஆஸ்டாவின் பகுதிகளைப் பெரும்பாலும் வெட்டித் தள்ளினார்கள். பதினைந்து வருடம் முன்பு ஒரு பெயருக்காகப் படத்தை நீட்டிய அதே வியாபாரம், இப்போது இன்னொரு பெயருக்காக இவரை வெட்டியது. தணிக்கைக்காரர்களின் கத்தரி வேறு. பல நாடுகளில் சிதைந்து கிடந்த துண்டுகளைச் சேர்த்துத்தான் பின்னாளில் அந்தப் படத்தை ஒருவாறு மீட்டார்கள்.

ஒலி வந்ததும் அவர் தொழில் முடிந்தது என்று எழுதுகிறார்கள். முழுக்கச் சரியில்லை. அதற்கு முன்பே, 1927க்குப் பிறகு, அவர் படங்களை விட்டு மேடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். பேசும்படம் ஒன்றே ஒன்று, 1932இல், ‘நடக்காத காதல்’. வளர்ந்த மகள்களைப் பெற்ற ஒரு சிற்பி, நடுவயதில் காதலிக்கிறாள். குரலில் எந்தக் குறையும் இல்லை. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அடுத்த படம் யார் எழுதுவார்கள் என்பதுதான் பிரச்சினை. அது ஒலியோடு வந்த பிரச்சினையுமில்லை, அதோடு போன பிரச்சினையுமில்லை.

அந்த வருடங்களில் கோடைக்கு அவர் போய் இருந்த இடம் பால்டிக் கடலில் ஹிடன்சே என்ற தீவு. கட்டடக் கலைஞர் மாக்ஸ் டவுட் வடிவமைத்த வட்டமான வீடு; அதற்கு ‘கருசெல்’, அதாவது குடை ராட்டினம், என்று பெயர். அதுவும் விட்டுப்போயிற்று. நாஜிகள் ஆட்சிக்கு வந்த பின் அவர்களின் பிரச்சார அமைச்சர் கெபல்ஸ் அவருக்குத் தனிப் படக் கம்பெனியே அமைத்துத் தருவதாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. 1920இல் சொந்தக் காசில் தேடிய பொருள் இப்போது தட்டில் வைத்து வருகிறது. அவர் வாங்கவில்லை. முப்பதுகளின் நடுவிலேயே ஜெர்மனியை விட்டு டென்மார்க் திரும்பிவிட்டார். போர்க்காலத்தில் ஜெர்மனியிலிருந்த ஆலன் ஹாகெடோர்ஃப் என்ற டேனிஷ் இளைஞர் மூலமாக யூதர்களுக்குப் பண உதவி அனுப்பினார். அந்தப் பணத்தில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு உணவுப் பொட்டலங்கள் போயின. பொட்டலங்கள் மிகுதியாகப் போனதால் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்த இளைஞரை எச்சரித்தது.

டென்மார்க்கில் அவருக்குப் படமும் கிடைக்கவில்லை, மேடையும் அதிகம் கிடைக்கவில்லை. ஒரு கொட்டகை நடத்தலாம் என்று பார்த்தார். அங்கே தியேட்டர் நடத்த அரசாங்க உரிமம் வேண்டும். கலைஞர்களுக்குக் கௌரவமாக அதைக் கொடுப்பதும் உண்டு. இயக்குநர் ட்ரையருக்கு 1952இல் டாக்மர் தியேட்டரைக் கொடுத்தார்கள், இளம் வயதில் ஆஸ்டா மேடையேறிய அதே டாக்மரின் பெயர் தாங்கிய தியேட்டர். ஆஸ்டா கேட்டபோது மறுத்தார்கள். ஒரு தரம் மட்டும் இல்லை. கொட்டகைகளை நிரப்பிய பெண்ணுக்குக் கொட்டகை நடத்தத் தகுதியில்லை என்று அலுவலகம் எப்படி முடிவுக்கு வந்ததோ.

இதற்கிடையில் அவர் நினைவுக் குறிப்புகளை எழுதினார், 1945-46இல் இரண்டு பாகமாக வந்தது. துணித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். கண்காட்சி வைக்கும் அளவுக்கு. 1963இல் ஜெர்மன் அரசு தங்க ஃபிலிம் சுருள் விருது கொடுத்தது. மறுவருடம் மகள் ஜெஸ்டா இறந்துபோனார். 1970இல், எண்பத்தெட்டு வயதில், கலைப்பொருள் வியாபாரி கிறிஸ்டியன் தேதேயைத் திருமணம் செய்துகொண்டார். 1972 மே மாதத்தில் இறந்தார்.

இடையில், 1968இல், அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க ஏற்பாடு நடந்தது. வேறு ஒருவர் இயக்கத் தொடங்கிய அந்தப் படம் போகும் போக்கு ஆஸ்டாவுக்குப் பிடிக்கவில்லை. இயக்குநரை அனுப்பிவிட்டு, தானே இயக்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தாறு. அவர் இயக்கிய ஒரே படம் அதுதான். பெயர், ‘ஆஸ்டா நீல்சன்’.